டயருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை

அன்னூரில் கோவை–சத்தி ரோடும் அவிநாசி–மேட்டுப்பாளையம் ரோடும் சந்திக்கின்றன. ஒரு பக்கம் புளியம்பட்டி, சத்தி, பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலை. இன்னொரு பக்கம் மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி. ஆயிரம் அடிக்கு போர் போட்டும் தண்ணீருக்கு ஏங்கிய பூமி எங்களுடையது. ஆனாலும் மார்கழி, தையில் விடியக்காலம் மூன்றரை மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் உறைபனி படிந்த புல்வெளியோரம் வண்டியை நிறுத்திவிடலாம். அப்படிக் கிளம்புகிறவர்களில் பலர் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைகள். சிலர் அதோடு நிற்காமல் மணாலிக்கும் காஷ்மீருக்கும் சொந்தக் காரிலேயே போகிறார்கள். படிக்கவும் வேலைக்கும் கனடா போய், அங்கே முதல் பனிக்காலத்தில் ஸ்டியரிங் பிடிப்பவர்களும் எங்கள் பக்கம் இப்போது வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்ககிரி லாரிகளில் காஷ்மீர் வரைக்கும் ஓடியவன். இங்கிருந்து லோடு ஏற்றிக்கொண்டு போவோம், திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வருவோம். இப்போது ஊரோடு வந்து, டூரிஸ்ட் கார் ஒன்று வைத்து ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் என்று ஓட்டுகிறேன். மழை, மூடுபனி, உறைபனி, கொட்டும் பனி என நாலிலும் ஓட்டியாயிற்று. நாலுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பது என் முடிவு. லாரியில் எனக்கு மூத்தவராக இருந்த டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அவர் அதை ஒரே பேச்சில் சொல்லிக்கொடுத்தார்: "கண்ணு, டயருக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் குடுக்கோணும். ரெண்டு வேலை குடுத்தீன்னா ரெண்டையும் செய்யாது."

ஒரு காரின் டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நாலு உள்ளங்கை அகலத்தில்தான் நிற்கிறது, ஓடுகிறது, திரும்புகிறது. அந்த இடத்தில் கிடைக்கும் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை பிரேக்குக்குச் செலவழிக்கலாம், திரும்புவதற்குச் செலவழிக்கலாம், வேகம் எடுக்கச் செலவழிக்கலாம். காய்ந்த ரோட்டில் பிடிமானம் தாராளமாக இருப்பதால், வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் மிதித்தாலும் வண்டி பொறுத்துக்கொள்கிறது. அதனால்தான் சமவெளியில் பழகியவர்களுக்குத் தப்பான பழக்கம் ஒன்று இருப்பதே தெரிவதில்லை. ரோடு வழுக்க ஆரம்பித்ததும் அது வெளியே வருகிறது. வழுக்கும் ரோட்டில் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு காலை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வண்டி நேரான பிறகுதான் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். மழை பெய்த நாளில் வாய்க்கால் வரப்பில் தலைச்சுமையோடு நடப்பவர் எப்படி அடி எடுத்து வைக்கிறாரோ, அப்படித்தான் ஓட்ட வேண்டும்: சின்னச் சின்ன அடி, வெடுக்கென்ற அசைவு எதுவும் கிடையாது.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் ஒன்றைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடிக்குள் வண்டி 11 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகு, நல்ல டயரோடு காய்ந்த தார் ரோட்டில் நிற்கத் தோராயமாக 9 மீட்டர் வேண்டும். நனைந்த ரோடு என்றால் 15, 16 மீட்டர். இறுகிப்போன பனி என்றால் 30 மீட்டர். ஐஸ் என்றால் 60 மீட்டருக்கும் மேல். அதே ஐஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 140 மீட்டர் வரை இழுத்துக்கொண்டு போகும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் தூரம் இரண்டே கால் மடங்கு கூடுகிறது. வேகத்தைக் குறை என்று பெரியவர்கள் சொல்வது பயத்தினால் மட்டும் அல்ல. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஏனென்றால் பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது ரோடும் டயரும் சேர்ந்துதான்.

பனிக்கு முன்னால் மழையைச் சொல்ல வேண்டும், நம் ஊரில் பிடிமானம் போவது முதலில் மழையில்தான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் சிந்திய ஆயிலும் டயர் தூளும் புழுதியும் படிந்திருக்கும். முதல் மழை தூறத் தொடங்கிய அரை மணி நேரம் அது குழம்பாகிவிடும். கொட்டும் மழையைவிட அந்தத் தூறல் மோசம். கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும், அப்புறம் வேறு தொல்லை. தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன்மேலேயே மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் போதும், டயர் தானாக ரோட்டைத் தொடும். குரூஸ் கன்ட்ரோல் உள்ள கார்களில் மழை நாளில் அதைப் போடவே கூடாது. கால் சும்மா இருந்தால் இந்த லேசான தன்மை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டயரைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டயரின் மேலுள்ள வரிகளின், அதாவது பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓட்டத் தகுதியில்லாத டயர். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடாக ஓர் அடையாளம் இருக்கும், பட்டன் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் மலைக்குப் போகிற வண்டிக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்டில் கார் வாங்கும் பிள்ளைகள் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார்கள், பாட்டு சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். குனிந்து இந்த எண்ணைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும், இறுகிய ரப்பருக்கு ஈர ரோட்டில் பிடிமானம் குறைவு.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். இடையில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ரோடுதான். ஏறுவது சுலபம் என்றும் இறங்குவதில்தான் வித்தை இருக்கிறது என்றும் டிரைவர்கள் சொல்வது அனுபவித்துச் சொன்னது. ஏறும்போது தப்பு செய்தால் இஞ்சின் திணறும், வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது வண்டியின் எடை முழுவதும் உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிரேக்காலேயே அடக்கிக்கொண்டு வந்தால் டிஸ்க்கும் டிரம்மும் சூடேறும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சில் கால் வைத்தது போல உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய பாடம், இன்றும் அது சரிதான். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர். தேவைப்பட்டால் முதல் கியருக்கும் தயங்காதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனைப் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வந்தேன். புதுக்கார். பர்லியாறுக்கு மேலேயே கேட்டுவிட்டான்.

"மாமா, ரெண்டாங் கியர்ல வந்தா இஞ்சின் இப்படிக் கத்துதுங்க. ஒண்ணும் ஆகாதுங்களா?"

"கத்தட்டும் தம்பி. பிரேக் கத்தறதுக்கு இஞ்சின் கத்தறது தேவலை."

"பெட்ரோல் குடிக்குமுங்களே?"

குடிக்காது. இப்போதைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவர் மிச்சமும் பிடிக்கவில்லை, வண்டியின் கட்டுப்பாட்டையும் விட்டுவிடுகிறார். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே இறங்காமல் 'எல்' அல்லது 'எம்' என்று இருக்கும் நிலைக்கு மாற்றி, கியர் கீழேயே நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி வாங்கிய அன்றே ஷோரூமில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும், டீ குடியுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, ரோடு குறுகலான இடத்தில் இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். 2017-இல் வந்த மத்திய அரசின் ஓட்டுநர் விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. பஸ் ஒன்று கொண்டை ஊசியில் திரும்பிக்கொண்டிருந்தால் அதற்கு முழு ரோடும் வேண்டும். நீங்கள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டால் யாருக்கும் சிரமமில்லை.

இறக்கத்தில் நடந்த இரண்டு விபத்துகளைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே, தென்காசிப் பக்கம் கடையத்திலிருந்து சுற்றுலா வந்த பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் உயிரிழந்தார்கள். 2018 அக்டோபரில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்தது இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை, 5 பேர் இறந்திருந்தார்கள். கல்லட்டி 36 வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. மேப் அதைக் குறுக்கு வழி என்று காட்டும், யாராவது ஒருவர் சமாளித்துக்கொள்ளலாம் என்பார். கேட்காதீர்கள். கூடலூர் வழி தூரம்தான், ஆனால் அந்த வழியில்தான் போக வேண்டும்.

மூடுபனிக்கு வருவோம். குன்னூரைச் சுற்றியும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் பட்டப்பகலிலேயே மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எதிரே ஒன்றும் தெரியவில்லை என்றதும் புதிதாக ஓட்டுபவரின் கை பிரைட் லைட்டுக்குப் போகிறது. பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வந்து, வெள்ளைச் சுவராக நிற்கும். டிம்மில் வையுங்கள், ஃபாக் லைட் இருந்தால் போடுங்கள். நடுக்கோட்டைப் பார்த்து ஓட்டாதீர்கள், எதிரே வருகிறவரும் அதையேதான் பார்த்துக்கொண்டு வருகிறார். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டையும் தடுப்புக் கற்களையும் பிடித்துக்கொண்டு போங்கள். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டால் எதிர் வண்டியின் ஹாரன் கண்ணுக்கு முந்திக் காதுக்கு எட்டும். நாலு இன்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓடுவது நம் பக்கத்தில் பெரிய வழக்கமாகிவிட்டது. அப்படிப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஓடுகிறீர்களா, நிற்கிறீர்களா என்றும் தெரியாது. அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். குளிரில் ஏசியா என்று கேட்பார்கள். ஏசி செய்யும் வேலை ஈரத்தை எடுப்பது, ஹீட்டரோடு சேர்த்தே போடலாம்.

நீலகிரியில் நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி ஆகிய பள்ளமான, திறந்த இடங்களில் குளிர் தேங்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவாக இருந்தால் விடியும்போது புல் வெளுத்திருக்கும். மேகமூட்டம் இருந்தால் உறைபனி விழாது. ஆகவே முந்தின நாள் இரவு வானத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், மறுநாள் காலை ரோட்டில் எச்சரிக்கை வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரவு வெளியே நிறுத்திய காரின் முன் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் பொருக்கு. விரல் நகத்தால் கீறினால் சர்க்கரைத் தூளாக உதிரும், அடியில் மெல்லிய ஐஸ் பிடித்திருக்கும். கதவு ரப்பர் ஒட்டிக்கொண்டு இழுத்தால் பிரியும் சத்தம் கேட்கும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும். அதை அப்படியே ஓடவிட்டால் ரப்பர் கிழியும், சில சமயம் மோட்டார் ஃபியூஸ் போகும். லாட்ஜில் சுடுதண்ணீர் வாங்கி வந்து ஊற்றப் போவார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் பட்டால் விரிசல் விடும். இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்கு வைத்துவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் மேலிருந்து கீழாகச் சுரண்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். முன்னால் மட்டும் தபால் பெட்டி அளவுக்குச் சுரண்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி, சைடு மிரர், ஹெட்லைட் எல்லாம் தெரிய வேண்டும். முந்தின இரவே ஒரு சாக்கையோ அட்டையையோ கண்ணாடிமேல் போட்டு வைப்பருக்கு அடியில் சொருகிவிட்டால் இத்தனை பாடும் மிச்சம்.

ஊட்டி ரோடு முழுவதும் உறைந்து நான் பார்த்ததில்லை. ஆபத்து அங்கங்கே துண்டு துண்டாக இருக்கும். பாலத்தின் மேல் தளத்துக்கு அடியிலும் காற்றுப் படுவதால் அது முதலில் குளிரும். யூகலிப்டஸும் சைப்ரஸும் நிழல் விழுத்தும் வளைவில் எட்டு மணிக்கும் வெயில் படாது. மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து ரோட்டைக் குறுக்கே தாண்டும் இடம் இரவில் உறைந்திருக்கும். அந்த இடம் வெறும் ஈரமாகத்தான் தெரியும், ஐஸ் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புல் வெளுத்திருக்கிற காலையில் ரோட்டில் ஈரம் மினுங்கினால் அதை ஐஸ் என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன்மேல் பிரேக்கும் இல்லாமல் திருப்பமும் இல்லாமல் நேராக உருண்டு போய்விட வேண்டும். பைக்கில் போகிற தம்பிகளுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: உறைபனிக் காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் பைக்கை எடுக்காதீர்கள். காருக்கு நாலு சக்கரம், சறுக்கினாலும் நிமிர்ந்து நிற்கும்.

இனி நிஜமான பனி. நான் காஷ்மீர் ஓடிய காலத்தில் பனிஹால் பக்கம் ஜவஹர் சுரங்கம் வழியாகத்தான் போக வேண்டும். 1956-இல் திறந்த சுரங்கம், இரண்டு வாயிலிலும் பனி பிடித்த ஏற்ற இறக்கம். அதைவிடத் தாழ்வாக, எட்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் புது சுரங்கம் 2021-இல் வந்த பிறகு அந்தப் பாடு பெரிதும் குறைந்துவிட்டது. ஆப்பிள் சீசன் செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை இழுக்கும். 2018-லும் 2019-லும் நவம்பர் முதல் வாரத்திலேயே பனி கொட்டியது.

அங்கே முதல் இறக்கத்திலேயே மூத்தவர் சொன்னார்: "எக்ஸாஸ்ட் பிரேக்க ஆப் பண்ணிப் போடு கண்ணு." எனக்குத் திகைப்பாகிவிட்டது. லாரி மலை இறங்கும்போது இஞ்சினாலேயே வேகத்தை அடக்கும் அதுதானே உயிர்? காய்ந்த ரோட்டில் ஆமாம். ஐஸில் அது பின் சக்கரங்களைத் திடீரென்று இறுக்கினால், சுழலாத சக்கரம் சறுக்கும், வால் முன்னால் வரப் பார்க்கும். கியரும் அப்படித்தான். கீழ் கியரில்தான் இறங்க வேண்டும். ஆனால் அதை இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும், பாதி இறக்கத்தில் நாலிலிருந்து இரண்டுக்குத் தட்டி கிளட்ச்சை வெடுக்கென்று விடக் கூடாது. இப்போது எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே பாடம்தான்: காலை எடுத்ததுமே இழுத்துப் பிடிக்கும் ரீஜென் பிரேக்கை வழுக்கும் ரோட்டில் குறைந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடுங்குளிரில் கெட்டியாக உறைந்த பனியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி உருகியும் உருகாமலும் இருக்கிற ஐஸ்தான் அதிகம் வழுக்கும். பகலில் உருகி இரவில் மறுபடி உறையும் மாலை நேரத்தை எங்கள் ஆட்கள் தவிர்த்துவிடுவார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இரண்டாம் கியரில், கிளட்ச்சை மெல்ல விட்டு எடுக்க வேண்டும். முதல் கியரின் இழுவைக்கு டயர் சுற்றிவிடும். ஒரே இடத்தில் டயர் சுற்றினால் சூட்டில் பனி உருகி உடனே வழவழப்பான குழியாகிவிடும், பிறகு மிதிக்க மிதிக்க ஆழமாகத்தான் போகும். சிக்கிக்கொண்டால் இஞ்சினை உறுமவிடாமல் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மண், சாம்பல், ரப்பர் மேட் எதையாவது போட்டு எடுங்கள். ஏற்றத்தில் முன்னால் ஒரு வண்டி போகிறது என்றால் அது மேலே ஏறி முடிக்கிற வரை கீழேயே நில்லுங்கள். பாதியில் அது நின்றால் நீங்களும் நிற்க வேண்டிவரும், நின்றபின் கிளம்ப முடியாது.

வண்டி சறுக்கத் தொடங்கிவிட்டால்? முன் சக்கரம் இழுக்கும் வண்டிகள்தான் இன்று நம் சின்னக் கார்களில் பெரும்பாலும். அவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போய்க்கொண்டிருக்கும். மேலும் மேலும் திருப்பத் தோன்றும். அதற்கு நேர்மாறாக, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின்னால் இழுக்கும் பிக்கப், வேன்களில், அதிலும் காலியாக வரும்போது, பின்பக்கம் வெளியே போகும். பிரேக்கைத் தொடாமல், வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பி, கண்ணை நீங்கள் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் கை பள்ளத்துக்குத்தான் திருப்பும். இதை நான் நூறு சதவீதம் நம்புகிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் விற்ற கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் அவசரத்துக்குப் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டியதில்லை. அழுத்தி மிதித்தபடியே இருங்கள், காலடியில் பெடல் அதிர்வது அது வேலை செய்வதன் அடையாளம். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டி கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு அது எள்ளளவும் உதவாது, எல்லாக் காருக்கும் அதே நாலு டயர்தான். மலைநாட்டில் பனியில் கிடக்கும் பெரிய வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

மணாலியில் பனி விழும் நாட்களில் சோலாங்குக்கு மேலே அடல் சுரங்கத்துப் பக்கம் ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் செயின் மாட்டிய வண்டிகளையும்தான் போலீசார் விடுவார்கள். செயினை இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், சின்னக் கார்களில் அது முன் சக்கரம். வாங்கிய உடனே வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிவிட வேண்டும். கொட்டும் பனியில், விரல் மரத்த நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. செயினோடு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பனியில்லாத தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். அங்கே போகிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் மனதாரக் கேட்டுக்கொள்வது, பனி இருக்கும் இடத்துக்கு உள்ளூர் டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

பனியில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால் குளிரைவிட விரைவாக ஆளைக் கொல்வது புகை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையில் பனி பார்க்கப் போய் கார்களுக்குள் சிக்கிய 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். குளிரோடு சைலன்சர் புகையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சைலன்சர் வாய் பனியில் புதைந்திருக்க இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டால் வாடையில்லாத நச்சு வாயு உள்ளே வரும், தூக்கம் வருவதாகத்தான் தோன்றும். முதலில் இறங்கி சைலன்சரைச் சுற்றிப் பனியை வாரிவிடுங்கள். மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியைச் சற்றே இறக்கி வையுங்கள். இரவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இதோடு இன்னொன்று. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். அதற்கென்றே மென்மையான ரப்பரில் செய்த குளிர்கால டயர்கள் உண்டு, மூன்று சிகரமும் நடுவில் பனித்திவலையும் போட்ட முத்திரை பக்கவாட்டில் இருக்கும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அவை சட்டப்படி கட்டாயம். சட்டம் கேட்காத ஊரிலும் வாங்கிப் போடுங்கள், நாலு சக்கரத்துக்கும். இரண்டு மட்டும் போட்டால் முன்னும் பின்னும் பிடிமானம் வேறுபட்டு வண்டி சுழலும். பணம் பத்தாத முதல் வருஷம் பஸ்ஸில் போங்கள்.

பழகுவதற்கு அன்னூரிலேயே இடம் இருக்கிறது. ஊரைச் சுற்றி லேஅவுட் போட்டு, தார் ரோடும் விட்டு, ஒரு வீடுகூட எழும்பாத சைட்டுகள் எத்தனையோ. உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டமும் ஆடு மாடும் இல்லையென்று நடந்து பார்த்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய், குறித்த இடத்தில் பிரேக்கை முழுசாக மிதித்து, காய்ந்த நாளைவிட எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று இறங்கி அளந்து பாருங்கள். பெடல் அதிர்வதைக் காலால் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, காலை எடுத்துத் திரும்பிப் பழகுங்கள், கை தானாகச் செய்கிற வரை. முதல் மலை ஏற்றத்துக்கு உறைபனி விலகிய மாசி மாதத்தில், வார நாளாகப் பார்த்து, நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு, நெரிசல் குறைந்த கோத்தகிரி வழியாகப் போங்கள். குஞ்சப்பனைப் பக்கம் யானை வரும், அதனால் நன்றாக விடிந்த பிறகு ஏறி, மாலை நாலு மணிக்குள் மேட்டுப்பாளையத்தில் இருக்கும்படி இறங்கிவிடுங்கள். வண்டியில் டார்ச், இரண்டு சக்கரத்துக்குக் கொடுக்கக் கல், போர்வை, தண்ணீர், காய்ந்த துணி இருக்கட்டும். கூட வருகிறவர்கள் அவசரப்படுத்தினால் நான் வழக்கமாகச் சொல்வதையே நீங்களும் சொல்லலாம்: "கொஞ்சம் பொறுங்க, இந்த எறக்கம் முடியட்டும், அப்புறம் பேசலாமுங்க."